எங்க கல்யாண நாளுக்கு எங்களையே விட்டுட்டுப் போன வேன்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பொண்டாட்டியக் கூட்டிட்டு பெங்களூரு போய்ட்டு வரணும். அவ்ளோதான்.

பத்தாவது கல்யாண நாள். ஸ்டெல்லா வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸ். நான் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில டிஸ்பேட்ச் சூப்பர்வைசர். எனக்கு லீவு கெடைச்சா அவளுக்கு டூட்டி. அவளுக்கு லீவு கெடைச்சா எனக்கு ஷிப்மெண்ட். எங்க கல்யாண நாள் எல்லாமே போன்லதான் நடந்திருக்கு.

இந்தத் தடவை அவளே வாயத் தொறந்து கேட்டா.

"எங்கயாவது போலாங்க. நாம ரெண்டு பேர் மட்டும். அந்த ஊர் சாப்பாடு, அந்த ஊர் பாட்டு. பிரியாணி வாசனையே வரக்கூடாது."

"இன்னா பெரிய விஷயம்? நான் பாத்துக்கிறேன், விடு"ன்னேன்.

அங்கதான் ஆரம்பிச்சுது.

லஞ்ச் டைம்ல உக்காந்து பிளான் போட்டேன். காலைல வெண்ணெ தோசை. மத்தியானம் பார்க்கு. சாயங்காலம் ஒரு ஹோட்டல்ல டேபிள் புக் பண்ணிட்டேன். பழைய பாட்டு லைவ்வா பாடுவாங்களாம். கல்யாண நாள்னு சொன்னா கேக்கும் குடுப்பாங்களாம். எனக்கே என் மேல மரியாதை வந்துடுச்சு!

அந்த ஜோர்ல ஸ்டெல்லாவுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன்.

"தங்கம், சனிக்கிழமை காலைல ரெடியா இரு. பெங்களூரு போறோம். தோசை, பாட்டு, கேக்கு. அந்த நீலப் பொடவையக் கட்டிக்கோ."

உடனே பதில் வந்துச்சு. என் மாமியார்கிட்ட இருந்து.

"நீலம் வெளுத்துப் போச்சு மாப்ள. பச்சை கட்டிக்கட்டுமா?"

ஃபேமிலி குரூப்புல போட்டிருக்கேன்!

அவசரமா டெலீட் பண்ணேன். எனக்கு மட்டும் டெலீட் ஆச்சு. மத்த எல்லாரும் படிச்சுட்டு இருந்தாங்க.

அடுத்து மச்சான் ரூபன், ஸ்டெல்லாவோட தம்பி. "சூப்பர் மாமா! வேன் நான் பேசிட்டேன்!"

அப்புறம் ரெண்டு சித்தி, அவங்க புள்ளைங்க, எல்லாரும் கைதட்டுற பொம்மையா போட்டுத் தள்ளினாங்க. என் மாமனார் மட்டும் ஒண்ணும் சொல்லல. அவரு எப்பவுமே ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

மாமியாருக்கு போன் பண்ணி மெதுவா இழுத்தேன். "அத்தே, அது வந்து... நாங்க ரெண்டு பேர் மட்டும்..."

"தெரியும் மாப்ள. ரெண்டு பேர் மட்டும் போனா பேஜாரா இருக்கும்னுதானே எங்களையும் கூப்புட்டீங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

"சரி அத்தே, காலைல சீக்கிரம் ரெடியாகிடுங்க"ன்னு சொல்லி வச்சேன்.

டூட்டி முடிஞ்சு ஸ்டெல்லா கூப்பிட்டா.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தங்கம் வந்ததில்ல. எங்கம்மாவுக்கு வந்திருக்கு."

வச்சுட்டா. வேற வழியில்லாம டேபிளைப் பெருசாக்கச் சொல்லி, ஹோட்டல் பேரையும் குரூப்புல போட்டேன்.

சனிக்கிழமை விடியக்காலைல வேன் வந்து நின்னுது. கதவைத் தொறந்ததும் குப்புன்னு ஒரு வாசனை. மாமியார் மடியில பெரிய தூக்கு.

"பெங்களூர்ல சாம்பார்லயே வெல்லம் போடுவான் மாப்ள. அதான் பிரியாணி செஞ்சு எடுத்துட்டேன். கத்திரிக்காவும் இருக்கு."

ஸ்டெல்லா என்னப் பாத்தா. நான் ஜன்னலப் பாத்தேன்.

வேன்ல போனா மாமியாருக்குத் தலை சுத்தும். அதனால ஸ்டெல்லா முன்னாடி அவங்க பக்கத்துல. எனக்குக் கடைசி சீட்டு. அந்தத் தூக்கையும் பின்னாடி எம்பக்கத்துலயே வச்சுட்டாங்க. ரூபன் பெரிய ஸ்பீக்கர் ஒண்ணு கொண்டாந்திருந்தான். அவன் போன்ல சார்ஜ் கம்மின்னு என் போனை வாங்கி அதுல மாட்டிட்டான். வாணியம்பாடி தாண்டுறதுக்குள்ள என் காது போச்சு.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தினாங்க. நான் எறங்கி கடைக்குப் பின்னாடி போய்ட்டேன். திரும்பி வந்தா ஸ்டெல்லா ரெண்டு டீ வாங்கிட்டு, செவுத்தோரமா நிக்கிறா. காலைல இருந்து அப்பதான் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறோம்.

"சாரி ஸ்டெல்லா"ன்னேன்.

"டீயக் குடிங்க, ஆறுது"ன்னா. கொஞ்சம் எறங்கி வந்த மாதிரி இருந்துச்சு.

நிதானமா குடிச்சோம். கிளாஸை வச்சுட்டு முன்பக்கம் வந்து பாத்தா, வேனைக் காணோம்!

நின்ன இடத்துல தூசி மட்டும் இருக்கு.

நடந்தது என்னன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. முன்னாடி இருந்தவங்க, ஸ்டெல்லா பின்னாடி புருஷன்கிட்ட போய்ட்டான்னு நெனச்சிருக்காங்க. பின்னாடி இருந்தவங்க, நான் முன்னாடி பொண்டாட்டிகிட்ட போய்ட்டேன்னு நெனச்சிருக்காங்க. ரூபன் திரும்பிப் பாக்கப் போனப்ப மாமியார் சொன்னாங்களாம், "டேய், பாக்காத. கல்யாண நாளு. தொந்தரவு பண்ணாத."

கம்பெனில ஒரு ஜோடி ஷூ விட்டுப் போனாலும் கண்டுபுடிக்கிற ஆளு நானு. என்னையே ஏத்தாம அனுப்பிட்டாங்க!

ஸ்டெல்லா போன் ஹேண்ட்பேக்ல, ஹேண்ட்பேக் வேன்ல. என் போன் ஸ்பீக்கர்ல. டீக்கடைக்காரர்கிட்ட போன் கேட்டேன். நல்ல மனுஷன், குடுத்துட்டாரு. வாங்கினப்புறம்தான் தெரிஞ்சுது, எனக்கு என் நம்பரைத் தவிர ஒரு நம்பரும் தெரியாது.

என் நம்பருக்கே அடிச்சேன். ரூபன் கட் பண்ணிட்டான். பாட்டு நடுவுல நின்னா அவனுக்கு ஆகாது.

மறுபடி அடிச்சேன். மாமியார் எடுத்தாங்க.

"ஹலோ, அத்தே..."

"மாப்ள இப்ப பேச மாட்டாரு! பின்னாடி எங்க பொண்ணுகூட உக்காந்திருக்காரு!"

"அய்யோ அத்தே, நான்தான்..."

"எங்களுக்கு லோன் எல்லாம் வேணாம்பா!" கட்.

திரும்பிப் பாத்தா ஸ்டெல்லா செவுத்தப் புடிச்சுட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறா. கண்ணுல தண்ணி வருது. அந்த மாதிரி அவ சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

போனை வாங்கி அவளே அடிச்சா. "அம்மா, நான் ஸ்டெல்லா. நாங்க டீக்கடையிலயே நிக்கிறோம்."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "வண்டியத் திருப்புடா!"ன்னு மாமியார் கத்துறது எனக்கே கேட்டுச்சு.

"திருப்பாதம்மா! நீங்க போங்க. நாங்க பஸ்ஸப் புடிச்சு வர்றோம். சாயங்காலம் ஹோட்டல்ல பாக்கலாம்."

போனைக் குடுத்துட்டு எங்கிட்ட கேட்டா, "ஜோப்புல பணம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வாங்க. ரெண்டே பேரு."

பஸ்ஸுல பக்கத்துப் பக்கத்து சீட்டு. பெங்களூர்ல எறங்கி, வழி கேட்டுக் கேட்டு, ஒரு சின்னக் கடையில நின்னுட்டே வெண்ணெ தோசை தின்னோம். சாம்பார் இனிச்சுது. மாமியார் சொன்னது நெசம்தான். ஸ்டெல்லா ரெண்டாவது கப் கேட்டு வாங்கினா.

பார்க்குல ஒரு பேண்டு செட்டு வாசிச்சுட்டு இருந்தாங்க. கன்னடப் பாட்டு. ஒரு எழவும் புரியல. ஸ்டெல்லா என் தோள்ல சாஞ்சுட்டு தாளம் போட்டா. போன் இல்லாததால ஒரு போட்டோகூட இல்ல.

சாயங்காலம் டிராஃபிக்ல மாட்டி, ஹோட்டலுக்கு லேட்டாதான் போய்ச் சேர்ந்தோம். வாசல்ல நின்னவரு தமிழ்லயே சொன்னாரு, "ஃபுல் சார்."

"ஆம்பூர்ல இருந்து புக் பண்ணிருக்கேன். கல்யாண நாளு."

"ஆம்பூர் பார்ட்டி வந்துட்டாங்களே சார். கல்யாண ஜோடி இப்பதான் கேக் வெட்டிச்சு."

கண்ணாடி வழியா எட்டிப் பாத்தோம். மெழுகுவத்தி வெளிச்சத்துல பச்சைப் பொடவையில என் மாமியார். பக்கத்துல மாமனார். பாடுறவரு ஏதோ கேட்டுட்டு மைக்கை நீட்டினாரு. மாமனார் அந்த மைக்கை வாங்கி, எழுந்து நின்னு, பாட ஆரம்பிச்சுட்டாரு!

மாமியார் முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டாங்க.

"எங்கப்பா பாடுவாரா?"ன்னு ஸ்டெல்லா கேட்டா.

"எனக்கு இன்னா தெரியும்? எங்கிட்ட 'சாப்டீங்களா'வைத் தவிர ஒண்ணும் பேசினதில்ல."

ஸ்டெல்லா கண்ணாடியில கைய வச்சுட்டு அப்படியே நின்னா. "இப்ப உள்ள போனா நிறுத்திடுவாரு. இருங்க, முடியட்டும்."

வாசப்படியில உக்காந்தோம். கொஞ்ச நேரத்துல ஒரு வெயிட்டர் வந்து ஆளுக்கொரு பேப்பர் தட்டுல கேக் குடுத்தாரு. "உள்ள அம்மாவுக்கு கல்யாண நாளாம். வெளிய வெயிட் பண்றவங்களுக்கும் குடுக்கச் சொன்னாங்க."

எங்க கல்யாண நாள் கேக்கை, யாரோட விசேஷத்துக்கோ வந்த மாதிரி வாங்கித் தின்னோம். நல்லா இருந்துச்சு.

அப்புறம் உள்ள போனா ரூபன் ஓடி வந்தான். "கோச்சுக்காதீங்க மாமா. கேக்கு வந்துடுச்சு. 'ஜோடி யாரு?'ன்னு கேட்டாங்க. அம்மா கையத் தூக்கிடுச்சு."

அதனால மக்களே, நான் கத்துக்கிட்டது இதுதான். பொண்டாட்டிகூட தனியா ஊர் சுத்தணும்னா மொத்தக் குடும்பத்தையும் வேன்ல ஏத்துங்க. பாதி வழில நீங்க எறங்கிடுங்க.