டாகன்ஹாமை இணைத்த வர்த்தமானி அண்ணை

அதிகாரத்தை வர்த்தமானி அண்ணை அளவுக்குத் திட்டினவரும் இல்லை, அவர் அளவுக்கு அனுபவித்தவரும் இல்லை. லண்டன் இல்ஃபோர்டில் யாரை வேணுமென்றாலும் கேட்டுப் பாருங்கோ.

எங்கள் முதியோர் சங்கம் புதன்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் கூடும். சோறு, கரம்போர்ட் ஆட்டம், ஊர்வம்பு எல்லாம் உண்டு. சோற்று வரிசையில் அண்ணை நின்றால் அன்றைக்கு இலங்கைச் சனாதிபதி முறைக்கு அர்ச்சனைதான். "ஒரு தனி மனுசனுக்கு இவ்வளவு அதிகாரமோ? பாராளுமன்றத்தைக் கலைப்பாராம், தன்ர ஆக்களுக்கு மன்னிப்புக் குடுப்பாராம். அரசாங்க கெசற்றில ஒரு வர்த்தமானி அறிவித்தல் விட்டாச் சரி, கேக்க ஆளில்லை!" பின்னால் நிற்கிற எங்களுக்குப் பசியில் கண் இருட்டும்.

ஒரு பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு ஆள் தேடினபோது அண்ணை பாத்ரூமில் இருந்தார். ஏகமனதாய்த் தெரிவு செய்துவிட்டோம். செயலாளர் நான். எங்கள் சங்க யாப்பை, அதுதான் விதிப் புத்தகத்தை, அதுவரை ஒருத்தரும் வாசித்ததில்லை. இந்த மனுசன் வாசித்துவிட்டார். பதினாலாம் பிரிவு: தலைவரின் முடிவே இறுதியானது. போச்சுது!

அடுத்த புதன் அறிவித்தல் பலகையில் முதலாவது வர்த்தமானி தொங்கியது. கரம் மேசையில் சண்டை வந்ததால் அவசரகால நிலை பிரகடனம். அதைக் கேள்வி கேட்ட நிர்வாகக் குழு இரண்டாவதில் கலைந்தது. மூன்றாவது, வரிசையை மீறி நாலு வடை எடுத்த தன் மச்சானுக்குப் பொதுமன்னிப்பு.

"அண்ணை, இதைத்தானே கூடாதெண்டு கத்தினீங்கள்?" என்றேன்.

"அது அங்க, தம்பி. அவை கூடாத ஆக்கள். நான் நல்லவனெல்லோ!"

இந்தக் கூத்துக்குள் மன்னார் திரேசா அக்காவின் பிரச்சினை வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கிறவ. படியில்லாத வீடு வேணுமென்று கேட்டு, பக்கத்து டாகன்ஹாமில் ஒரு பிளாட் கிடைத்துப் போனா. சங்கத்துக்கு ஆட்களைக் கூட்டிவாற எங்கள் வான் வண்டி இல்ஃபோர்ட் எல்லைக்குள் மட்டும்தான் ஆள் ஏற்றும். ஏலாது என்று நான்தான் போனில் சொன்னேன்.

"தம்பி, கிழமைக்கு அந்த ஒருநாள்தான் நான் வாய்திறந்து கதைக்கிறனான்" என்றா. சட்டம் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வைத்தேன். அன்றைக்கு எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

விசயம் காதில் விழ, அண்ணை விட்டார் நாலாவது வர்த்தமானி: திரேசா அக்காவின் வீடு இன்று முதல் இல்ஃபோர்டுக்குள் அடங்கும்.

எனக்கு விசர் வந்தது. "அண்ணை, டாகன்ஹாமை நீங்கள் இணைக்கேலாது!"

"முழு டாகன்ஹாமும் இல்லைத் தம்பி. ஒரு பிளாட் மட்டும்தான்."

வான் போனது, அக்கா வந்தா. ஆனாலும் இப்படியே விட்டால் நாளைக்கு என்னத்தை இணைப்பாரோ? கையெழுத்துச் சேர்த்து விசேட கூட்டம் வைத்தேன். பதினாலாம் பிரிவை நீக்க வேண்டும், அதன்கீழ் வந்த வர்த்தமானி எல்லாம் செல்லாது என்பது என் பிரேரணை. வாசிக்கும்போதுதான் முன்வரிசையில் திரேசா அக்காவைக் கண்டேன். பிரேரணை வென்றால் அவவுக்கு வான் இல்லை. கடுதாசியை மடித்துக்கொண்டு சபையைக் கேட்டேன்.

"ஆர் வழிமொழியிறது?"

"நான்" என்று எழும்பினார் தலைவர். மண்டபம் வாயைப் பிளந்தது.

"உந்த அதிகாரத்தை முப்பது வருசமாத் திட்டினனான். கையில கிடைச்சாப் பிறகு, சும்மா சொல்லக்கூடாது, நல்ல ருசி. அதாலதான் சொல்லுறன், பறியுங்கோ. ஆனா அதுக்கு முதல் ஒண்டு. நாளைக்கு எனக்கும் அக்காவுக்கும் கோவம் வந்தா, இன்னொரு வர்த்தமானி விட்டு அவவை இறக்கிப்போடுவன். என்ர குணம் எனக்குத் தெரியும். அவ என்ர தயவில வரக்கூடாது. நடக்க ஏலாத ஆக்கள் எங்க இருந்தாலும் வான் ஏத்தோணும் எண்டு யாப்பில எழுதுங்கோ."

இரண்டும் நிறைவேறின. திரேசா அக்கா இரண்டு தரமும் இரண்டு கையையும் தூக்கினா. எண்ணுகிறவன் நான்தானே, கண்டும் காணாமல் விட்டேன்.

அடுத்த புதன் வான் பத்து நிமிசம் பிந்தி வந்தது. அக்கா இறங்கும்போதே டிரைவரைப் பிடித்து ஏசினா. அண்ணையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்கு அவருக்காகக் கோபம் வந்தது. அண்ணையோ முகமெல்லாம் சிரிப்பாய் என் தோளில் தட்டினார்.

"பாத்தீரே தம்பி? அவ ஒருத்தருக்கும் நன்றி சொல்லேல்லை!"

அந்த மனுசனைக் கட்டிப்பிடிக்க வேணும்போல இருந்தது எனக்கு. வெட்கத்தில் உள்ளே போய், அவருக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.