உள்ள யாராவது இருக்கீங்களா?

ஆமா சார். சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்களுக்குக் கேட்டது எங்க மாமியார் குரல்தான். நீங்களே வந்து தோள் குடுத்து வழியனுப்பி வெச்சீங்களே, அதே மாமியார்தான். முகத்தை ஏன் அப்படி வெச்சுக்கறீங்க? இந்தப் படியில உக்காருங்க, சொல்றேன். சொன்னா எனக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

நான் லிஃப்ட் மெக்கானிக்னு உங்களுக்குத் தெரியும். நைட் ஸ்கூல்ல படிச்சவன். பகல் முழுக்க வேலை, இருட்டினதும் பாடம். அதனால இருட்டுன்னா எனக்குத் தூக்கம்தான் வருமே தவிர பயம் வராது. பேய் பிசாசுன்னா சிரிப்பேன். போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் சிரிச்சேன்.

மாமியார் இருந்த ரூம்லதான் கம்ப்யூட்டர் இருக்கு. கடைசிக் காலத்துல அவங்களால எழுந்து நடமாட முடியல. என் சம்சாரம் ஒரு மைக்கை மாட்டி, "பேசும்மா, பொழுது போகும்"னு விட்டுட்டா. அவங்களும் பேசினாங்க. பொறந்த கதை, வளர்ந்த கதை, என்னைப் பத்தின கதை. என்னைப் பத்தினதுதான் ரொம்ப நீளம். எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள பதிஞ்சு கிடக்கு. அவங்க போனதுக்கு அப்புறம், சாயங்காலம் துணி மடிக்கும்போது இவ அதைப் போட்டுக் கேப்பா. "எங்க மாப்பிள்ளை இருக்காரே..."ன்னு ஆரம்பிக்கும். நான் பால்கனிக்குப் போயிடுவேன். இருந்தப்பவும் வெரட்டினாங்க, போனப்புறமும் வெரட்டினாங்க.

இன்னொண்ணு சார். அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே குரல். போன்ல பிரிச்சுப் பாக்கவே முடியாது. ஒரு தடவை வேலை எடத்துலருந்து போன் பண்ணி, "உங்க அம்மா எப்பதான் ஊருக்குப் போறாங்க?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"நாளைக்குப் போகலாம்னு இருந்தேன் மாப்பிள்ளை. இப்ப போகல"ன்னு பதில் வந்துது.

அவங்க எங்களோடயே தங்கினது அப்படித்தான்.

விஷயத்துக்கு வரேன். 'புது சிஸ்டம் ரெடி, மாத்திக்கலாமா?'ன்னு கம்ப்யூட்டர் தினமும் கேட்டுக்கிட்டே இருந்துது. என் சம்சாரம் கண்டிப்பா சொல்லிட்டா.

"கை வைக்காதீங்க. அம்மா குரல் அதுலதான் இருக்கு. கடைக்காரர் வந்து பாத்துக்கட்டும்."

"கடைக்காரர் எதுக்கு? நான் மாடி மாடியா லிஃப்ட் ஓட்டுறவன். இது மேசை மேல சும்மா நிக்குற பெட்டி."

"லிஃப்ட் நின்னுபோனா ஜனங்க படியில ஏறி வந்துடுவாங்க. எங்க அம்மா எதுல ஏறி வருவாங்க?"

பதில் இருக்கா? எனக்கும் இல்ல. பதில் சொல்ல முடியாத புருஷன் என்ன பண்ணுவான்? செஞ்சு காட்டுவான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். வானம் மூடிக்கிட்டு, பகல்லயே லைட் போடுற மாதிரி இருந்துது. "மேல் வீட்டு டெய்லர் அக்காகிட்ட போயிட்டு வரேன்"னு போனைக் கையில எடுத்துக்கிட்டு இவ கிளம்பினா. கதவு சாத்தின சத்தம் கேட்டுது. நான் மாமியார் ரூமுக்குப் போனேன். 'மாத்திக்கலாம்'னு அமுக்கினேன்.

நல்லாத்தான் ஓடுச்சு. பத்து சதவீதம், முப்பது, அம்பது, அறுபது. அறுபத்தொம்பதுல நின்னுடுச்சு. குட்டிக் குட்டிப் புள்ளிங்க வட்டமா சுத்துது. கீழ, 'கிட்டத்தட்ட முடிஞ்சுது, அணைச்சுடாதீங்க'ன்னு எழுத்து. டீ போட்டுக் குடிச்சேன். கிட்டத்தட்ட முடிஞ்சுது. பேப்பர் படிச்சேன். கிட்டத்தட்ட முடிஞ்சுது. ஜன்னல்ல மழை வந்து, நின்னும் போச்சு. அப்பவும் கிட்டத்தட்டதான்.

எங்க தொழில்ல லிஃப்ட் நின்னா முதல் வேலை, மெயினை அணைக்கறது. யோசிக்கவே மாட்டோம், கை தானாப் போகும். போயிடுச்சு சார். அணைச்சுட்டு மறுபடி போட்டேன்.

திரை கறுப்பாச்சு. அப்புறம், 'பழைய நிலைக்குத் திரும்புது'ன்னு வந்துது. நம்பர் இறங்க ஆரம்பிச்சுது. லிஃப்ட் இறங்கிப் பாத்திருக்கேன். சதவீதம் இறங்கி நான் பாத்ததில்ல. கீழ வரைக்கும் போச்சு. அங்க ஒரு நிமிஷம் மூச்சு வாங்குச்சு. மறுபடி ஏறி வந்து, அதே அறுபத்தொம்பதுல நின்னுது. யாரோ உள்ள இருந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னு சொல்ற மாதிரி.

அப்புறம் எழுத்தும் போச்சு, புள்ளியும் போச்சு. வெறும் கறுப்புக் கண்ணாடி. அதுல என் முகம். என் முகத்துக்குப் பின்னாடி மாமியாரோட நாற்காலி. மெத்தையில அவங்க உக்காந்த பள்ளம் இன்னும் அப்படியே இருக்கு. எழுந்து போய் ஏதோ எடுத்துட்டு இப்ப வந்துடுவாங்கன்ற மாதிரி.

பெட்டிக்குள்ள காத்தாடி மட்டும் ஓடுது. அந்தச் சத்தத்தை எங்கயோ கேட்டிருக்கேனேன்னு தோணிச்சு. நீளமா ஒரு இழுப்பு. அப்புறம் ஒண்ணும் இல்ல. அடுத்தது வருமா வராதான்னு காக்க வெச்சு, திடீர்னு இன்னொரு இழுப்பு. அவங்க கடைசியாப் படுத்திருந்தப்ப, நானும் இவளும் இதே ரூம்ல உக்காந்து கேட்ட மூச்சு சார் அது. அப்படியே அதேதான்.

பேய் பயம் ஒரு பக்கம். அதை விடுங்க. அந்தக் குரல் போயிடுச்சுன்னா இவ எதைக் கேட்டுத் துணி மடிப்பா? என்னைத் திட்டினா வாங்கிக்கலாம். திட்டாம, துணி கூடையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான்னா?

எங்க தொழில்ல ரெண்டாவது வேலை ஒண்ணு இருக்கு. நின்ன லிஃப்டோட கதவைத் தட்டி, உள்ள மாட்டிக்கிட்டவங்களோட பேசணும். அவங்க பயந்துடக் கூடாது பாருங்க. கை தானாப் போய் பெட்டியைத் தட்டுச்சு. வாய் தானாச் சொல்லுச்சு.

"உள்ள யாராவது இருக்கீங்களா? பயப்படாதீங்க, நான் வெளியதான் நிக்குறேன்."

"நான்தான் மாப்பிள்ளை இருக்கேன்."

சார், படியைப் பிடிச்சுக்கோங்க. நானும் அன்னைக்கு மேசையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"அ... அத்தை?"

"ஒரே இருட்டா இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க அத்தை. கிட்டத்தட்ட முடிஞ்சுது."

"கை வெச்சது யாரு?"

"அது... அதுவாவே மாறிக்குது அத்தை, இப்பல்லாம் அப்படித்தான்..."

"மாப்பிள்ளை."

"நான்தான் அத்தை."

"எம் பொண்ணு வேணாம்னு சொன்னாளா இல்லையா?"

"சொன்னா."

"நின்னதும் லிஃப்டை அணைக்கற மாதிரி அணைச்சீங்களா?"

"அது எப்படி அத்தை உங்களுக்கு..."

"உள்ள இருந்தவளுக்குத் தெரியாதா? தூக்கித் தூக்கிப் போட்டுது."

"மன்னிச்சுடுங்க அத்தை."

"பின்னாடி என்னமோ குத்திக்கிட்டே இருக்கு. அதைப் பிடுங்கினா வெளிய வந்துடுவேன்."

பெட்டிக்குப் பின்னாடி தடவினேன். விரல் நுனி அளவுக்கு ஒரு மெமரி ஸ்டிக் குத்தி இருந்துது. பிடிச்சு இழுக்கப் போனேன்.

"இருங்க! சும்மா பிடுங்கினா ஆச்சா? வாக்கு குடுங்க."

"என்ன வேணும் அத்தை?"

"சாயங்காலப் பாத்திரம் இனிமே நீங்க."

"சரி அத்தை."

"ஞாயித்துக்கிழமை சீட்டாட்டம் கிடையாது."

"அத்தை, அது வந்து..."

காத்தாடி மூச்சை நிறுத்திச்சு. நானும் நிறுத்தினேன்.

"கிடையாது அத்தை! கிடையவே கிடையாது!"

"என் நாற்காலியில ஈரத் துண்டு போடக் கூடாது."

பெட்டி மேல கையடிச்சு சத்தியம் பண்ணிட்டு ஸ்டிக்கைப் பிடுங்கினேன். திரை முழிச்சுது. எழுபது. எண்பது. நூறு. புது சிஸ்டம் வந்து நல்வரவு சொல்லுச்சு. அவங்க குரல் எல்லாம் வெச்ச எடத்துல பத்திரமா இருந்துது. "அத்தை?"ன்னு கூப்பிட்டேன். நாற்காலி மட்டும் ஒரு தடவை முனகிச்சு. காத்துன்னே வெச்சுக்குவோம்.

இவ மேல் வீட்டுலருந்து வந்தப்ப நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன்.

"என்னங்க இது அதிசயமா இருக்கு?"

"சும்மாதான்."

"யாராவது சொன்னாங்களா?"

"யாரு சொல்லப் போறாங்க?"

அவ கண்ணு கொஞ்சம் சிவந்திருந்துது. டெய்லர் வீட்டுப் பஞ்சு தூசின்னு நினைச்சுக்கிட்டேன். "நல்லாக் கழுவுங்க, அடியில ஒட்டியிருக்கு"ன்னுட்டு உள்ள போயிட்டா.

வாரம் பூராக் கழுவினேன் சார். நேத்துதான் வழியில கம்ப்யூட்டர் கடைக்காரரைப் பாத்தேன்.

"சிஸ்டம் மாத்தியாச்சா சார்? உங்க வீட்டம்மா கூப்பிட்டாங்கன்னு முன்னாடியே வந்து, அவங்க அம்மா குரலையெல்லாம் ஒரு ஸ்டிக்குல காப்பி எடுத்துக் குடுத்தேனே. ஸ்டிக்கைக் குத்தி வெச்சுக்கிட்டு மாத்தாதீங்க, பாதியில நின்னுடும்னு சொன்னேன். 'அப்படியா, அப்ப அது அங்கயே இருக்கட்டும்'னாங்க."

அங்கயே இருக்கட்டுமாம் சார்! வீட்டுக்கு ஓடினேன். திரைக்குப் பின்னாடி கையை விட்டேன். இதோ பாருங்க, இது கிடைச்சுது. எலுமிச்சம்பழம் அளவுதான். ஒயர் இல்லாத ஸ்பீக்கர். அவ போனோட பேசுமாம், இங்க பேசறதைக் கேக்கவும் கேக்குமாம். டெய்லர் வீடு எங்க ரூமுக்கு நேர் மேல. புரியுதா? ஆவியும் இல்ல, கூவியும் இல்ல. பதிஞ்சு வெச்ச குரலை மேல இருந்து ஓட்டியிருக்கா, அவ்வளவுதான்.

அதான் இன்னைக்கு ஒரு முடிவுக்கு வந்துட்டேன். ஸ்பீக்கரை அணைச்சுக் கையோட எடுத்துட்டு வந்தாச்சு. இனி எந்த அத்தை எங்கருந்து கூப்பிடுவாங்கன்னு பாக்கறேன். பாத்திரம் அப்படியே கிடக்கு. சீட்டுக்கட்டு கூட எடுத்து வெச்சிருக்கேன், வர்றீங்களா?

என்ன கேக்கறீங்க? பதிஞ்சு வெச்ச குரல் எப்படி நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லும்னா?

அது... சொல்லாது இல்ல? லிஃப்டை அணைக்கற மாதிரி அணைச்சீங்களான்னு எந்த மாமியார் முன்கூட்டியே பதிஞ்சு வெப்பாங்க...

"மாப்பிள்ளை!"

கேட்டுதா சார்? ஸ்பீக்கர் என் கையில இருக்கு. அணைஞ்சுதான் இருக்கு, நீங்களே தொட்டுப் பாருங்க.

"மாப்பிள்ளை! பாத்திரம் காயுது!"

அடுப்படியிலருந்து வருது. அடுப்படியில இவ மட்டும்தான் சார் இருக்கா.

எழுந்துக்கறேன் சார். இனிமே எதைப் பிடுங்கினாலும் நிக்காது. அம்மாவைப் பொண்ணுல ஏத்தியாச்சு. முழுசா நூறு சதவீதம்.

வந்துட்டேன் அத்தை!