தலைப்பாகை கட்டும் கை

"காய்ச்சல்னு சொல்லிடு" என்றார் சின்னராசு, கம்பளிக்குள்ளிருந்து.

"யாருக்கு?" என்றாள் அவர் மனைவி பாஞ்சாலை.

"எனக்குத்தான். பின்ன மாட்டுக்கா?"

வெளியே பலாமரத்தடியில் மைக் செட்காரன் ஹலோ, ஹலோ என்று மலையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எண்பத்து மூன்றாம் வருஷத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வந்து, சின்னராசுவின் பங்காளிகளை வீடு வீடாகத் தேடி ரத்தம் எடுத்த இரண்டு ஆராய்ச்சி டாக்டர்களுக்கு அன்று ஊர் கூடிப் பாராட்டு விழா. அந்த வம்சத்தில் நடுவயதில் முகம் வீங்கிச் சாவது தெய்வக் குற்றமல்ல, பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் சிறுநீரக நோய் என்று கண்டு சொன்னவர்கள் அவர்கள். ஊருக்கு அதில் பெரிய ஆறுதல். ஆட்டுத்தலை வரத்து குறைந்துபோன பூசாரிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

விருந்தாளிக்குத் தலைப்பாகை கட்ட வேண்டியது ஊர்க்கவுண்டரின் கை. அது அப்பன் வழியில் வந்த கையாக இருக்க வேண்டும். வேறு கை கட்டினால் மரியாதை செல்லாது. இதை ஊருக்கு ஓயாமல் நினைவுபடுத்தி வந்தவர் ஊர்க்கவுண்டரான சின்னராசுவேதான். "எங்க தாத்தன் ரத்தம் இது" என்று கையைத் தூக்கிக் காட்டாமல் அவர் எந்த வழக்கையும் தீர்த்ததில்லை.

ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் அந்த ரத்தம் புளியந்தோப்பைத் தாண்டி ஓடிவிடும்.

அப்பன் வீங்கிப் போனார். சித்தப்பனும் அப்படித்தான். போன தைக்கு முந்தி தம்பி ரங்கசாமி போனான். தண்ணீர் தரக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால், அவன் கேட்கக் கேட்கச் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றவர் சின்னராசு. அன்றிலிருந்து விடிந்ததும் இடுப்பை அழுத்திப் பார்ப்பார். கண்ணாடியில் இமையைப் பார்ப்பார். ஊசி குத்தினால் தெரிந்துவிடும். தெரியாதவரை நோய் இல்லை என்பது அவர் கணக்கு.

"உனக்கு ஒண்ணும் வராதுடா" என்று அம்மா செல்லி மட்டும் சொல்வாள், சாமையைப் புடைத்தபடி.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சொல்றேன்ல."

பாசத்தில் உளறுகிறாள் என்று விட்டுவிடுவார்.

பாஞ்சாலை போன வேகத்தில் திரும்பி வந்தாள். "சொல்லிட்டேன் மாமா. கவுண்டருக்கு இன்னா காய்ச்சல்னு பாக்க, பெரிய டாக்டரு பையை எடுத்துக்கினு நம்ம வூட்டுக்கே வர்றாரு."

கம்பளி ஒரு பக்கம், கவுண்டர் ஒரு பக்கம். கொல்லை வழியாக ஓடும்போதே பழைய வேட்டியைக் கிழித்து, ஊசி இறங்கக்கூடிய இரண்டு முழங்கைகளிலும் சுற்றிக்கொண்டார். டாக்டர் இல்லாத இடம் என்று நம்பிச் சுற்றி வளைத்துப் பலாமரத்தடிக்கு வந்தால், எதிரே, வீட்டில் ஆளைக் காணாமல் திரும்பிய பெரிய டாக்டர்.

"காய்ச்சல்னாங்களே?"

"வுட்டுடுச்சிங்க."

"கையில என்ன கட்டு?"

"மரத்துலேந்து வுழுந்துட்டேங்க."

"வீக்கம் இருக்கா? காட்டுங்க."

வீக்கம் என்ற சொல்லிலேயே சின்னராசுவுக்கு நாக்கு வறண்டது. "இல்லீங்க, ஒண்ணுமே இல்லீங்க" என்று தானே இரண்டு கட்டையும் அவிழ்த்து எறிந்தார். இப்போது இரண்டு கைகளும் வெறுங்கை. பக்கத்திலேயே வெள்ளைத் துணி விரித்த மேஜை. அதன் மேல் ஊசிகள்.

தலைப்பாகை கட்டினார். ஊசிகளையே பார்த்துக்கொண்டு கட்டியதில் துணி டாக்டரின் மூக்குக்கண்ணாடியையும் சேர்த்துக் கட்டிவிட்டது. ஊர் கைதட்டியது.

டாக்டர் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "எங்களுக்கு எதுக்குங்க இந்த மரியாதை? ரத்தம் குடுத்தது நீங்க. இந்த வம்சத்துல ஒவ்வொருத்தரையும் நாங்க கூப்பிட்டுத் துண்டு போடப்போறோம். இதுவரைக்கும் குடுக்காதவங்க இருந்தா, இன்னிக்கு இங்கயே குடுத்துடலாம்."

முதல் வருஷத்திலிருந்தே டாக்டர்களோடு வரும் வாணியம்பாடி நர்ஸ் ஃபரீதா பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் சின்னராசு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். ரங்கசாமியின் பிள்ளைகள் போனார்கள். அமிர்தி கிராமத்தில் கட்டிக்கொடுத்த சித்தப்பன் மகள் கைக்குழந்தையோடு போனாள். அடுத்தது நான், அடுத்தது நான் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதே ஃபரீதா நிறுத்திவிட்டாள்.

தப்பித்தாயிற்று. மூச்சு திரும்பியது. அது பாதியில் நிற்கும்படி கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"இன்னாப்பா, கவுண்டரு பேரைக் காணோம்?"

"வம்சத்துக்கே தலை. அவருக்கு ஒரு துண்டு கூட இல்லியா?"

யாரோ சிரித்தார்கள். சாவு பயத்தைக்கூட இத்தனை வருஷம் சுமந்துவிட்டார்; இந்தச் சிரிப்பைச் சுமக்க முடியவில்லை. விறுவிறுவென்று மேஜைக்குப் போய், ஃபரீதாவின் முன்னால் கையை நீட்டினார். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"எங்க தாத்தன் ரத்தம் இது. எடும்மா. இத்த வுட்டுட்டு இன்னா ஆராய்ச்சி பண்ணப்போறீங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டார். தம்பியின் வறண்ட உதடு நினைவுக்கு வந்தது. ஊசி இறங்கவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

ஃபரீதா மைக்கை உள்ளங்கையால் பொத்தி, அவர் காதருகே குனிந்தாள்.

"உங்க ரத்தம் இதுல சேராதுங்க கவுண்டரே, உங்கம்மா மொத வருசமே எங்கிட்ட மட்டும் சொல்லிட்டாங்க."