வால்வில் படிந்த கரியும் என் நன்றியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கரையிலிருந்து மாமனார் எழுதுகிறேன். இங்கே நால்வரும் நலம்; போன கடிதத்தில் மூவராக இருந்தோம். கப்பலில் உங்கள் உடம்பும், நீங்கள் பார்த்துக்கொள்ளும் எஞ்சினும் சீராக ஓட வேண்டுகிறேன்.

உங்களுக்கு மகள் பிறந்ததை உங்கள் மாமியார் தொலைபேசியில் சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கார் நின்றதைச் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவன் நான்தான். ஆனால் அதைச் சொல்லாமல் உங்களுக்கு நன்றி சொல்ல வழியில்லை. "மாமா, சிக்னல்ல நிக்கும்போது வண்டி உதறுதுன்னா வால்வுல கரி படிஞ்சிருக்கும், பிரசவத்துக்கு முன்னாடி கழட்டிச் சுத்தம் பண்ணிடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்திய எனக்கு, என் வண்டியில் இன்னொருவர் பிழை கண்டது பொறுக்கவில்லை. கரி நீக்கும் மருந்து என்று கடையில் விற்பதை மூன்று புட்டி வாங்கி டேங்கில் ஊற்றிவிட்டு "ஆச்சு மாப்பிள்ளை" என்று உங்களிடம் சொல்லிவிட்டேன். அன்று காலை உங்கள் மனைவிக்கு வலி கண்டு கிளம்பினோமா, பெரிய சிக்னலில் வண்டி குளிர்காய்ச்சல்காரனைப் போல நடுங்கி, இருமி, அணைந்தேவிட்டது, பின்னால் வரிசையாக ஹாரன் அலற, நான் சாவியைத் திருகத் திருக அது முனகியதே தவிர எழுந்திருக்கவில்லை. பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், "அப்பா, நான் வேணா இறங்கித் தள்ளட்டுமா?" என்றாள். உங்கள் மாமியார் என்னை ஒரு முறை முறைத்தாள். அது அதைவிட மோசம்.

எதிர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அம்மா கையில் கிரீஸோடு ஓடிவந்தார். என்னை ஒரு பார்வை, பின்சீட்டை ஒரு பார்வை. "வண்டி கிடக்கட்டும் சார், ஏறுங்க" என்று மூவரையும் தன் வேனில் அள்ளிப் போட்டு, ஏழே நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார். ஒரு மணி நேரத்தில் உங்கள் மகள் வந்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு என் தோலைச் செருப்பாகத் தைத்துப் போட்டாலும் தகும்.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். எஞ்சினைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். வால்வுகள் தீய்ந்த பால்சட்டியின் அடிபோல இருந்தன. மருந்து ஊற்றினேனே என்றேன். "இந்த எஞ்சின்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுது சார், வால்வு பக்கமே போகாது. நீங்க வயித்துவலிக்குக் கால்ல தைலம் தேச்சிருக்கீங்க" என்றார். தினமும் நூலகத்துக்கு நான் ஓட்டிய அந்த ஒரு கிலோமீட்டரும் சேர்ந்து செய்த வினையாம். "சூடாகறதுக்குள்ள அணைச்சு அணைச்சே கரியச் சேத்துட்டீங்க." அக்ரூட் கொட்டையின் மேலோட்டைப் பொடித்து, காற்றோடு பீய்ச்சிக் கரியை உதிர்த்தார். இப்போது சிக்னலில் எஞ்சின் ஓடுகிறதா என்று நானே காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்றே சரியாகச் சொன்ன உங்களுக்கு நன்றி; அந்த அம்மாவின் வேனும் இல்லாவிட்டால் என் கதி என்ன? இனி எஞ்சின் விஷயத்தில் உங்கள் இருவர் சொல்லையும் தட்டமாட்டேன் என்று உங்கள் மகளின் தொட்டிலருகே நின்று வாக்குக் கொடுத்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

காற்றும் அலையும் உங்களுக்கு இணங்கிவர, சீக்கிரம் கரையேறி மகளை மடியில் வாங்கிக்கொள்ள வாழ்த்தும்,

மாமனார்

பி.கு.: வாரம் ஒரு தடவையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக் அம்மா. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டு வண்டியை அப்படி விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே தினமும் காலையில் வாசலில் நின்றபடியே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுகிறேன். அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.