வேலிக்குப் போகும் வழியில் கைட் அண்ணை

ஏரிக்கரையில் இருக்கும் கொன்ஸ்டான்ஸ் நகரத்தைப் பற்றி அங்கே பிறந்த ஜெர்மன்காரருக்குத் தெரியாததெல்லாம் கைட் அண்ணைக்குத் தெரியும். ஹோட்டலொன்றில் கோப்பை கழுவுவதுதான் அவருக்கு வேலை. 'கைட்' என்பது பட்டப்பெயர்; ஊரைச் சுற்றிக்காட்டும்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. நிறுத்தச் சொல்லவும் ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு காலை, நான் அவரிடம் மாட்டினேன். அப்போது நான் ஜெர்மனியின் வடக்கே ஹம் நகரத்தில் பதிவான அகதி. அனுமதிக் கடிதம் இல்லாமல் ஊரைத் தாண்டக்கூடாது. தாண்டி வந்துவிட்டேன். பிடிபட்டால் என் அகதி வழக்கே கவிழ்ந்துவிடும். ஆனால் ஏழு வருஷமாகக் காணாத என் அக்கா வருகிறாள். அவள் சுவிஸில் அகதி, எல்லை கடக்க முடியாது. நகரத்தின் தெற்கு ஓரத்தில் இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை நிற்பதாகச் சொல்லியிருந்தாள்.

வேலிக்கு வழி காட்ட ஸ்டேஷனுக்கு வந்த கைட் அண்ணை, என்னைக் கூட்டிக்கொண்டு வடக்கே நடந்தார்.

"அண்ணை, வேலி மற்றப் பக்கமெல்லோ?"

"ஓம். முதல்ல பெரிய கோயிலைப் பாப்பம்."

அந்தக் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரத்துக்கே அரைமணி நேரம் போயிற்று. பிறகு ஏரிக்கரையில் ஒரு பழைய மண்டபம்.

"அறுநூறு வருசத்துக்கு முன்னம் இதுக்குள்ளதான் ஒரு பாப்பரசரைத் தெரிவுசெய்தவங்கள். மூண்டு நாள் எடுத்தது."

"அவங்களுக்கு அக்கா காத்துக்கொண்டு நிக்கேல்லை, அண்ணை."

அது அவர் காதில் ஏறவில்லை. துறைமுகத்தில் தன்னைத்தானே சுற்றும் பெண் சிலை நின்றது. ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம். முழுச் சுற்றும் பார்க்காமல் போவது மரியாதையில்லை என்றார். மணி பதினொன்றேகால்.

அப்போதுதான் இரண்டு பொலிஸ்காரர் எங்களை நோக்கி வந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நிலத்தைப் பாக்காதையும் தம்பி. சிலையைப் பாரும்" என்று முணுமுணுத்துவிட்டு, கைட் அண்ணை நேரே அவர்களிடம் போனார். கழுத்தில் தொங்கிய கமெராவைக் கழற்றி ஒருவன் கையில் கொடுத்தார். அவனும் எங்களைக் கிட்டக் கிட்ட நிற்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, பொறுப்பாகப் படம் எடுத்துத் தந்து, நல்ல நாளாகட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனான்.

"ஸ்டேசனிலை இறங்கிற பெடியள் தலையைக் குனிஞ்சுகொண்டு நேர வேலிக்கு ஓடுவாங்கள். அவங்களைத்தான் பிடிக்கிறது. ஊர் பாக்க வந்தவனை ஆர் பிடிக்கிறது?" என்றவர், நடந்துகொண்டே சொன்னார்: "கமெராவிலை பிலிம் இல்லை."

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றாள். மெலிந்திருந்தாள். கம்பிக்குள்ளால் விரல்களைப் பிடித்துக்கொண்டு இருவரும் அழுதோம்.

கைட் அண்ணை இருபது அடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கோயிலின் வரலாற்றை உரத்த ஜெர்மனில் வெறும் தெருவுக்கு விளக்கத் தொடங்கினார். நாயோடு போன ஒரு கிழவர் அவரையே வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார். எங்களை அவர் கவனிக்கவேயில்லை.

பன்னிரண்டு அடிக்கப் போகிறது என்று நான் விரலை விட்டபோது, திரும்பாமலே தமிழில் சொன்னார்:

"ஆறுதலாக் கதையுங்கோ. எனக்கு இன்னும் முந்நூறு வருசம் சொல்லக் கிடக்கு."

அழுதுகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு நான் கேட்ட அந்தச் சிரிப்பு, அந்த மனிதர் எனக்குத் தந்தது.