முழ நீளப் போல்ட்

ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர்களால் பெரிய ஆபத்து இல்லை. தெரியும் என்று நினைப்பவர்களைத்தான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் விடக் கூடாது. எண்பதுகளில் ஷார்ஜாவில் ஒரு மரவேலைப் பட்டறையில் நான் டைப்பிஸ்ட். (யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்துக்கு 'ஏ' எடுத்தவள், கேட்காதவர்களுக்கும் சொல்லி வைத்திருந்தேன்.)

முதலாளி அர்பாபுக்கு, தன் தோட்டத்துக் கொட்டகைக்கு அமெரிக்காவில் பார்த்த மாதிரி மர ஓட்டுக் கூரை போட ஆசை. ஓடு போலவே அடுக்கும் மெல்லிய பலகைகள். அவற்றைச் சீவும் இயந்திரத்துக்கு அந்தக் காலத்து அமெரிக்கர் யாரோ வாங்கிய காப்புரிமைப் பத்திரத்தின் நகலைப் படத்தோடு கொண்டுவந்தார். படித்துச் சொல்வது என் பொறுப்பு. செய்வது போர்மேன் முருகேசனின் பொறுப்பு.

பத்திரத்தில் முற்றுப்புள்ளியே கிடையாது. ஒரே வாக்கியம் முக்கால் பக்கம் ஓடியது. ஒருவழியாகச் சொன்னேன்: "அண்ணை, முழ நீளப் போல்ட் ஒண்டை வண்டில்ல வைச்சு, கத்திக்கு நேர தள்ள வேணுமாம்."

"அப்ப மரத்தை எங்க மேடம் வைக்கிறது?"

அது பிறகு வரும் என்றேன்.

அவ்வளவு நீளப் போல்ட் எந்தக் கடையிலும் இல்லை. முருகேசன் மரக்கப்பல் கட்டுபவர்களிடம் கெஞ்சி ஒன்று வாங்கி வந்தார். (என் ஆங்கிலத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.)

அர்பாபின் விருந்தாளிகள் வந்த வெள்ளிக்கிழமை, செய்து முடித்த இயந்திரத்தின் மோட்டாரைப் போட்டார்கள். வண்டில் நகர்ந்தது. கத்தி இறங்கியது. அந்தச் சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கத்தி இரண்டு துண்டு. போல்ட் அர்பாபின் புதுக் காரின் முன்கண்ணாடிக்குள் பாதி நுழைந்திருந்தது.

விருந்தாளிகளில் ஓர் அமெரிக்க இன்ஜினியரும் இருந்தார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தவர் நிலத்தில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்த பிறகுதான் விளக்கினார்: அந்தத் தொழிலில் போல்ட் என்றால், சீவுவதற்கு அளவாக அறுத்து வைத்த மரக்கட்டையாம்.

விசா போச்சு, அடுத்த விமானத்தில் கொழும்புதான் என்று நின்றேன். அர்பாப் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கலாஸ், மேடம். யூ ஒன்லி டைப்பிங்" என்றார். (கலாஸ் என்றால் அரபியில் 'முடிந்தது'.) கொட்டகைக்குத் தகரம் போட்டார்கள்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னதுதான் நான் செய்த பெரிய பிழை. இன்றைக்கும் மருந்துப் பெட்டியில் இருப்பதை நான் வாசித்து விளக்கத் தொடங்கினால், பேப்பரிலிருந்து தலை நிமிராமலே கேட்பார்: "இஞ்சரும், இது மரமோ இரும்போ?" பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். போன மாதம், வாயே திறக்காத எங்கள் புது மருமகன் மெதுவாகக் கேட்டார்: "மாமி, மரமோ இரும்போ?"

கல்யாணம் நடந்தது ஜனவரியில். அவர் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது இதைக் கேட்ட அன்றைக்குத்தான்.