பிளேட்டுக்குப் பத்து ரூபாய் வரி

ஹனீஃபாவின் ஃபிரைட் ரைஸ் தள்ளுவண்டியில் நமச்சிவாயம் தகர உண்டியலைச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாணலியில் கோஸ் தீய ஆரம்பித்திருந்தது.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க. சோறு கருகிடுச்சுன்னா அதுக்கும் ஒரு வரி போட்டுருவீங்க."

"பேசாத பாய். சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. பிளேட்டுக்குப் பத்து ரூபா. தின்றவன் அம்மன் உண்டியல்ல போட்டுட்டுத்தான் தட்டைத் தொடணும். யாரு, எத்தினி பிளேட்டுன்னு நீ நோட்டுல எழுதி வை."

"வண்டி வெச்சதுக்கே நான் காசு கட்டிக்கினு இருக்குறேண்ணே."

"இது உனக்கில்லப்பா. தின்றவனுக்கு."

பிள்ளையார்பாளையத்தின் அந்தத் தெருவுக்கு வரி ஒன்றும் புதிதல்ல. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்ற, தறிக்கு இவ்வளவு என்று தெருச் சங்கம் வசூலிக்கும். பதினாறு வருஷமாகச் சங்கத்தின் செயலாளர் நமச்சிவாயம்தான். ஆனால் சோற்றுக்கு வரி போட்டது இதுவே முதல் தடவை.

காரணம் போன வாரம் நடந்த சர்க்கரைப் பரிசோதனை. சுகாதார நிலையத்து நர்ஸ் சுகாசினி, அம்மன் கோயில் மண்டபத்தில் தெருவையே வரிசையில் உட்காரவைத்து விரலில் குத்தினாள். நமச்சிவாயத்துக்கு வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு. அவர் மனைவி லோகாம்பாளுக்கு இருநூற்று எண்பத்தாறு.

"ஒரு மாசம் வாயைக் கட்டுங்கம்மா. இறங்கலைன்னா தெனமும் இன்சுலின் ஊசிதான்" என்றாள் சுகாசினி.

விரலில் குத்தியதற்கே லோகாம்பாள் போட்ட சத்தத்தில் எதிர் வரிசையில் மூன்று தறிகள் நின்றுவிட்டன. தினமும் ஊசி என்றதும் சத்தமே வரவில்லை. நமச்சிவாயத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்: அந்தக் கையில் ஊசி ஏறக் கூடாது.

லோகாம்பாள் தினமும் சாயங்காலம், தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றி முடித்த களைப்புக்கு, ஹனீஃபா கடையில் ஒரு பிளேட் நூடுல்ஸ் சாப்பிடுவாள். "தின்னாதே" என்று நேராகச் சொல்லலாம்தான். முப்பத்தோரு வருஷத்தில் நமச்சிவாயம் அவளிடம் நேராகச் சொன்னது எதுவுமே நடந்ததில்லை. அதனால் ஒரு பிளேட்டை நிறுத்த ஒரு தெருவுக்கே வரி போட்டார்.

மறுநாளே வெங்கடேசன் மடக்கினான். அவனும் அவன் பெண்டாட்டியும் ஒரே தறியில் ஜோடியாக உட்கார்ந்து நெய்பவர்கள்.

"இன்னா செக்ரெட்டரி இது? காலைலேர்ந்து ரெண்டு பேரும் தறிப்பள்ளத்துல காலை உட்டுக்கினு உக்காந்திருக்கிறோம். சமைக்க யாரு இருக்குறா? கவர்மென்ட்டு சிகரெட்டுக்குக் கூடத்தான் வரி போடுது. எவன் உட்டான்?"

"காசு கொடுக்கறப்ப கை கூசும்பா. கூசினா ஒரு நாளாவது உடுவ. உன் உடம்புக்குத்தான் சொல்றேன்."

"என் உடம்பை நான் பாத்துக்கறேன். நீங்க வரியைப் பாருங்க" என்று போனான் வெங்கடேசன்.

போனவன் நேராக ஹனீஃபாவிடம் போய் ஒரு கணக்குப் போட்டான். ஹாஃப் சாப்பிட்டாலும் பத்து ரூபாய், ஃபுல் சாப்பிட்டாலும் பத்து ரூபாய். அப்புறம் எந்த முட்டாள் ஹாஃப் வாங்குவான்? மூன்றே நாளில் தெரு முழுக்க ஃபுல்லுக்கு மாறியது. ஹனீஃபா பெரிய வாணலி வாங்கினார்.

நமச்சிவாயம் விடவில்லை. ஃபுல்லுக்கு இருபது என்று ஏற்றினார். அதற்கும் தெரு அசைந்து கொடுக்கவில்லை.

"எங்க போவுது? அம்மன் உண்டியலுக்குத்தானே?" என்றார்கள் பெண்கள். இருபது ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டார்கள். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கூட இரண்டு குடும்பம் ஸ்கூட்டரில் வந்தது. ஃபிரைட் ரைஸும் ஆச்சு, ஆடி மாதக் காணிக்கையும் ஆச்சு.

உண்டியலை அம்மன் பேரில் வைத்தது தப்பு என்று நமச்சிவாயத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வைத்த உண்டியலை எடுத்தால் தெய்வக் குத்தம். யோசித்துக் கடைசியாக ஒரு அஸ்திரத்தை எடுத்தார். அவமானம்! சாயங்காலம் விளக்கு பூஜை முடிந்ததும் கோயில் மைக்கில் யார் யார் எத்தனை பிளேட் தின்றார்கள் என்று பெயர் படிப்பது.

"வெங்கடேசன், இரண்டு ஃபுல். கங்கையம்மாள், இரண்டு ஃபுல்..." என்று குழாய் ஸ்பீக்கர் தெருவையே அதிர வைத்தது.

படித்துவிட்டு இறங்கினால், கங்கையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நமச்சிவாயத்துக்கு மனசுக்குள் சந்தோஷம். கூசிவிட்டது!

"இன்னா செக்ரெட்டரி, எங்க வூட்ல மூணு ஃபுல்லு. நீ ரெண்டுன்னு படிக்கிற? அறுபது ரூபா போட்டிருக்குறேன். நாளைக்கு ஒழுங்கா 'கங்கையம்மாள் குடும்பத்தார்'னு சேர்த்துப் படி."

ஆடி மாதத்தில், விளக்கு பூஜைக்குப் பிறகு, அம்மன் கோயில் மைக்கில் ஒரு பெயர் வந்தால் அது உபயதாரர் பெயர். நூறு வருஷமாக அந்தத் தெருவின் காது அப்படித்தான் பழகியிருந்தது. மறுநாள் ஹனீஃபா கடையில் நிற்க இடமில்லை. வெங்கடேசன், மச்சான் பேரில் ஒன்று, வெளியூரில் இருக்கிற மகள் பேரில் ஒன்று என்று எழுதி வைத்துவிட்டுப் போனான்.

நமச்சிவாயம் மைக்கைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தார். "நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேளுங்கள்! காலையில் வீட்டில் கோஸ், கேரட், பீன்ஸ் எல்லாம் போட்ட காய் சாதம். சில நாள் காலிஃபிளவர் பொரியல். இரண்டு தட்டு சாப்பிடுகிறேன். அத்தனை ருசி! வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடு உண்டா?"

தெரு கை தட்டியது. வண்டியில் நின்ற ஹனீஃபா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் நறுக்கினார்.

லோகாம்பாள் பெயர் நோட்டில் ஒரு நாளும் வராததில் நமச்சிவாயத்துக்கு நிம்மதி. எல்லாரையும் விட அவருக்கு எரிச்சல் மூட்டியது ஒரே ஆள்தான். ஹனீஃபாவின் நோட்டில் தினமும் கடைசி வரியில் அந்த ஆள் இருந்தார்: 'பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், ஒரு ஃபுல் பார்சல்.'

"யாரு பாய் அது?"

"கேக்காதீங்கண்ணே. சொல்ல மாட்டேன்னு அல்லா பேர்ல சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்குறேன். அவங்க அந்தச் சத்தியத்தை அம்மன் பேர்ல வாங்கினாங்க. ரெண்டு பக்கமும் மாட்டிக்கினேன்."

அந்த மர்மம் மறுநாள் காலையிலேயே உடைந்தது போலத்தான் தோன்றியது. கூடையில் குப்பை கொட்டப் போன நமச்சிவாயம், முருங்கைக் காம்புகளுக்கு அடியில் ஒரு வெள்ளிக் கவரைப் பார்த்தார். முகர்ந்தார். சோயா சாஸ்.

"லோகா, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

லோகாம்பாள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "பூனை இழுத்துக்கினு வந்திருக்கும்."

"மடிச்சு வெச்சிருக்குதே?"

"மடிக்கிற பூனைங்க. இப்ப சாப்பிடறீங்களா இல்லையா?"

தட்டில் சுடச்சுடக் காய் சாதம் விழுந்தது. அவள் மட்டும் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நமச்சிவாயம் அந்த டம்ளரையே பார்த்தார். எனக்கு முன்னால் கஞ்சி, சாயங்காலம் ஃபுல் பார்சலா? இருநூற்று எண்பத்தாறு இந்நேரம் எங்கே போய் நிற்குமோ! துக்கம் தாங்காமல் இன்னும் ஒரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கே வரியை முப்பதாக்கினார். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் அன்றைக்கும் முப்பது ரூபாய் போட்டார்.

மாதம் முடிந்தது. உண்டியலை உடைத்தார்கள். சங்கத்தின் சரித்திரத்திலேயே இவ்வளவு பணம் சேர்ந்ததில்லை. வெறும் கூழோடு நிறுத்தாமல், தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கலும் போடுவது என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது. நமச்சிவாயம் ஒருவர்தான் எதிர்த்தார். செயலாளர் என்பதால் அந்தத் தீர்மானத்தை எழுதியதும் அவர்தான்.

மறுநாள் காலை சுகாசினி மறுபடி மண்டபத்தில் மெஷினோடு உட்கார்ந்தாள். வரிசையில் முதலில் லோகாம்பாள், அடுத்து நமச்சிவாயம், பின்னால் ஹனீஃபா. லோகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். நமச்சிவாயமும் கண்ணை மூடிக்கொண்டார்.

"நூத்தி நாப்பத்தொண்ணு! எப்படிம்மா இறக்கினீங்க? ஊசியே வேணாம்."

லோகாம்பாள் அம்மன் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "தாயே, ஊசி வேணாம்னு முப்பது நாள் வரி கட்டறதா வேண்டிக்கினேன். காப்பாத்திட்ட!"

"வரியா?" என்றார் நமச்சிவாயம். "அப்போ அந்தப் பேர் சொல்ல விரும்பாத..."

"நான்தாங்க. வாங்கினாத்தானே வரி கட்ட முடியும்? ஆனா அம்மன் சத்தியமா ஒரு வாய் தொடலை. கஞ்சிதான் குடிச்சேன்."

நமச்சிவாயத்துக்கு மண்டபமே மிதந்தது. தொடவில்லை! வாயைக் கட்டியிருக்கிறாள்! சந்தேகப்பட்டதற்காக அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி ஏறாத கை. பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னார்.

"பாத்தீங்களாய்யா? வரி போட்டா உடம்பு தேறுமா தேறாதா? இந்தாம்மா, என்னையும் குத்து!"

சுகாசினி குத்தினாள். மெஷினைப் பார்த்தாள். இன்னொரு விரலைக் கேட்டுக் குத்தினாள்.

"ஐயா, இருநூத்தி முப்பத்தேழு."

"மெஷினை மாத்தும்மா."

"மெஷின் சரியாத்தான் இருக்குது. ஒரு மாசத்துல இப்படி ஏறியிருக்குது. வெளியில என்ன சாப்பிட்டீங்க?"

"வெளியிலயா? நானா?" நமச்சிவாயம் எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு வாய் தொட்டதில்ல! தெருவையே கேளு! காலைல வீட்டுக் காய் சாதம், ரெண்டு தட்டு, அவ்ளோதான்! லோகா, சொல்லேன்!"

லோகாம்பாள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு அம்மனையே பார்த்தாள்.

பின்னால் நின்ற ஹனீஃபா மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, வேண்டுதல் சோத்தை யாராவது குப்பையில கொட்டுவாங்களா? கடுகு, கறிவேப்பிலை தாளிச்சுப் போட்டா ஃபிரைட் ரைஸும் காய் சாதம்தான்."